விதையால் மட்டும்

கள்ளி வளர்க்க யாழ்ப்பாணத் தீவுப்பகுதியைப்போல் வாய்த்த இடம் இல்லை என்றே வெளியூர் ஆட்கள் நினைக்கிறார்கள். வெயில், கல்நிலம், நீண்ட வறட்சி எல்லாம் உண்டுதான். ஆனால் வேலணையில் நான் வளர்க்கும் ஆஸ்ட்ரோபைட்டம் ஆஸ்டீரியாஸ் என்ற முள்ளில்லாக் கள்ளிக்கு இங்கே இரண்டு எதிரிகள்: கிணற்றுத் தண்ணீரும் மாரிமழையும்.

கரையில் ஒதுங்கும் கடல் முள்ளெலியின் ஓட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தச் செடியின் வடிவம் உடனே பிடிபடும். தட்டையான உருண்டை, பெரும்பாலும் எட்டுப் பிரிவுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் பஞ்சுப் பொட்டுகளின் வரிசை, மேனியெங்கும் வெள்ளைப் புள்ளிகள். உச்சியில் மஞ்சள் பூ, அதன் நடுவில் செம்மஞ்சள். நன்கு முற்றினாலும் ஒரு சாண் அகலத்தைத் தாண்டாது. வறண்ட காலத்தில் சுருங்கி மண்மட்டத்துக்கு இறங்கிவிடும்.

எங்கள் கிணறுகளில் பல சவர். சவரில்லாத தண்ணீரிலும் சுண்ணாம்பு அதிகம். காட்டில் இந்தக் கள்ளி சற்று உவர்ப்பான களிமண்ணிலும் நிற்கிறது. சாடியின் கதை வேறு. ஊற்றும் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு போக இடமில்லாமல் வேரைச் சுற்றிப் படிந்துகொண்டே போகும். அதனால் கூரையிலிருந்து சேமித்த மழைநீரைத்தான் ஊற்றுகிறேன். முருகைக்கல் உடைசலும் கடல்மணலும் கையெட்டும் தூரத்தில் கிடைத்தாலும் சாடிக்குள் விடுவதில்லை. செங்கல்லையும் ஓட்டுத் துண்டுகளையும் உடைத்து, தூளைச் சலித்து அகற்றி, கழுவிக் காயவைத்து, அதில் கொஞ்சம் செம்மண் கலக்கிறேன். ஐப்பசி பிறந்தால் சாடிகள் விறாந்தைக்கு ஏறும். மார்கழி முடியும்வரை தண்ணீர் இல்லை. செடி சுருங்கினால் சுருங்கட்டும். ஈரக்காற்று நாட்கணக்கில் நிற்கும் பருவத்தில் ஒரு குவளை தண்ணீர் போதும், கிழங்கு போன்ற வேர் அழுகிவிடும்.

இதே தீவுகளில் வேலியோரம் நிற்கும் நாகதாளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கள்ளிதான். அது பரவிய வேகத்தை அடக்க 1924இல் அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு செதிற்பூச்சியை இலங்கைக்குக் கொண்டுவந்து விட்டார்கள். இங்கிருந்து அது 1926இல் இந்தியாவுக்கும் போனது. ஒரே குடும்பத்தில் ஒன்றை ஒடுக்கப் பூச்சியைக் கப்பலேற்ற வேண்டியிருந்தது. மற்றதற்கோ பிறந்த மண்ணிலேயே இருப்பு ஆட்டம் கண்டுவிட்டது.

ஆஸ்டீரியாசின் பிறந்த மண் மெக்சிக்கோவின் வடகிழக்கும், அதை ஒட்டிய தெற்கு டெக்சாசில் ஸ்டார் கவுண்டியும்தான். 1845இல் தாவரவியலாளர் சுக்கரினி இதை விவரித்துப் பெயரிட்டார். பிறகு பல பத்தாண்டுகள் காட்டில் எவர் கண்ணிலும் படவில்லை. 1923இல் செக் நாட்டு ஆல்பெர்ட்டோ ஃப்ரிச் மறுபடி கண்டெடுத்தார். அந்தக் கண்டுபிடிப்பே சேகரிப்பாளர்களுக்கு வழி காட்டியது என்பதுதான் எனக்கு ஆறாத துக்கம். புதர்க்காடு வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் மாறியது. பேயோட்டி என்ற இன்னொரு முள்ளில்லாக் கள்ளியைத் தேடுவோர் இதையும் தவறுதலாகப் பிடுங்குகிறார்கள். 1987 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் இணைப்பில் இது இருக்கிறது. அமெரிக்கா 1993இல் அழியும் இனமாக அறிவித்தது.

ஆகவே பெரிய செடியை, அதன் பிறப்பு தெரியாமல், எவர் கொடுத்தாலும் நான் வாங்குவதில்லை. விதை மட்டும்தான். பலர் டிராகன் பழத்தண்டில் ஒட்டி வேகமாகப் பெருக்குகிறார்கள். ஒட்டுச்செடி ஊதிக் கிளம்பும், பூவும் சீக்கிரம் வரும். ஆனால் மண்ணோடு படிந்து கிடக்கும் அந்த அடக்கம் போய்விடும். இந்தச் செடியின் அழகே அதுதான் என்பது என் தீர்மானம்.

விதை பெரிது, தொப்பிபோலக் குழிந்திருக்கும். புதிய விதையை ஈரக் கலவையின்மேல் வைத்து, பொலித்தீனால் மூடி, நேர்வெயில் படாமல் வைத்தால் சில நாட்களிலேயே முளைக்கும். எங்கள் சூடே போதுமானது. முதலில் சின்னப் பச்சை உருண்டை. பிரிவுகள் தெளியவும் வெள்ளைப் புள்ளிகள் ஏறவும் மாதங்கள் ஆகும். பூ வர மூன்று நான்கு ஆண்டுகள்.

ஒரு செடியின் மகரந்தம் அதே செடியில் காய் பிடிக்காது. அதன் நாட்டில் கள்ளிப்பூக்களை நாடும் தேனீ செய்யும் வேலையை இங்கே மெல்லிய தூரிகையால் செய்கிறேன். நண்பகலில், இரண்டு செடிகள் ஒன்றாகப் பூத்திருக்கும்போதுதான் அது முடியும். பூ ஓரிரு நாளே நிற்கும். அந்த நாட்களில் நண்பகலுக்கு நான் வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை.

காய் பஞ்சுக்குள் முற்றி, அடியில் பிளந்து விதையைக் காட்டும். எந்தச் செடிக்கு எந்தச் செடி, எந்த நாள் என்று சீட்டில் எழுதிச் சாடியில் குத்திவிடுவேன். கேட்பவர்களுக்கு விதையைக் காகிதத்தில் மடித்து, அந்த விபரத்தையும் எழுதித்தான் கொடுக்கிறேன். தை பிறந்த பிறகு விதைக்கச் சொல்வேன். அடுத்த மாரிக்குள் கன்று ஓரளவு தேறிவிடும்.