பெட்டியில வேண்டாம், கையில வெச்சுக்கோ

போன வருஷம் ஒரு டிசைன் போட்டியோட ஃபைனல்ஸுக்காக நாங்க மூணு பேர் டெல்லி போனோம். மூணு பேருக்கும் அதுதான் முதல் ஃப்ளைட். பெட்டியைப் போட்டாச்சு, போர்டிங் பாஸ் வாங்கியாச்சு, ஜன்னல் சீட் யாருக்குன்னு சண்டை நடந்துட்டு இருக்கு. அப்போ ஸ்பீக்கர்ல என் பேரைக் கூப்பிட்டாங்க.

"தம்பி, பெட்டிக்குள்ள பவர் பேங்க் வெச்சிருக்கீங்களா?"

"ஆமா சார்."

"எடுத்து கையில வெச்சுக்கோங்க. லக்கேஜ்ல போகக் கூடாது."

நாலு பேர் பார்க்க பெட்டியைத் திறந்து, துவைக்காத சாக்ஸுக்கு அடியில இருந்து அதை எடுத்தேன். மானம் போனது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் எனக்கு லாஜிக்கே புரியல. பவர் பேங்க் ஆபத்துன்னா அதை மனுஷங்க கிட்ட இருந்து தள்ளித்தானே வைக்கணும்? 180 பேர் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு எடுத்துட்டு வான்னு சொல்றாங்களே?

ட்ரிபிள்-இ படிக்கிற எனக்கு அன்னைக்கு அது புரியலைங்கிறது கொஞ்சம் கேவலம்தான். லித்தியம் செல்லுக்குள்ள இருக்கிற மெல்லிய பிரிப்பான் கிழிஞ்சாலோ உருகினாலோ ரெண்டு எலக்ட்ரோடும் ஷார்ட் ஆகும். சூடு ஏறும். அந்தச் சூடே அடுத்த ரியாக்‌ஷனைக் கிளப்பும், அது இன்னும் சூடாக்கும், பக்கத்து செல்லும் பத்திக்கும். இதுக்குப் பேரு தெர்மல் ரன்அவே. அம்மாகிட்ட விளக்கினப்போ, "பால் பொங்குற மாதிரியா?"ன்னு கேட்டாங்க. கிட்டத்தட்ட அதேதான்மா, ஆனா அடுப்பை அணைச்ச பிறகும் பொங்கிட்டே இருக்கிற பால்.

சரக்கு அறையில தீப்பிடிச்சா ஹேலான் வாயு அடிப்பாங்க. ஹேலான் அடுப்பை அணைக்கும், பாலை நிறுத்தாது. 2017-ல் அமெரிக்காவோட எஃப்.ஏ.ஏ. ஒரு சோதனை செஞ்சது. சூட்கேஸுக்குள்ள லேப்டாப், பக்கத்துலேயே தலைக்கு அடிக்கிற ஒரு ஸ்ப்ரே கேன். பேட்டரியை வேணும்னே சூடாக்கினாங்க. 40 செகண்டுக்குள்ள கேன் வெடிச்சது. அந்த வேகத்துக்கு ஹேலான் ஈடு கொடுக்காதுங்கிறதுதான் அவங்க முடிவு.

இப்போ சென்னைக்கு வரலாம். 2016 செப்டம்பர்ல சிங்கப்பூர்ல இருந்து சென்னை வந்த ஒரு இண்டிகோ விமானத்துல புகை வாசனை வருதுன்னு பயணிங்க சொன்னாங்க. சீட்டுக்கு மேல இருக்கிற லக்கேஜ் பெட்டிக்குள்ள ஒரு சாம்சங் நோட் 2 புகைஞ்சிட்டு இருந்தது. கேபின் க்ரூ அந்த வரிசையில இருந்தவங்களை வேற இடத்துக்கு மாத்தி, எக்ஸ்டிங்குஷர் அடிச்சு, போனை எடுத்துட்டுப் போய் டாய்லெட்ல தண்ணி நிரப்பின பாத்திரத்துல போட்டாங்க. விமானம் பத்திரமா சென்னையில இறங்குச்சு. அவ்வளவுதான் கதை. ஆனா கவனிங்க, இந்தக் கதையில ஒரு மூக்கு இருக்கு, ரெண்டு கை இருக்கு, ஒரு பாத்திரம் தண்ணி இருக்கு. அதே போன் பெட்டிக்குள்ள, காலுக்குக் கீழ இருட்டுல புகைஞ்சிருந்தா இந்த மூணுமே கிடையாது.

இதைப் படிச்சப்புறம்தான் அந்த சார் மேல இருந்த கோபம் போச்சு.

அப்போ எல்லாத் தடையும் நல்லதுதானான்னு கேட்பீங்க. இல்ல. 2017 மார்ச்ல அமெரிக்கா ஒரு உத்தரவு போட்டது. துபாய், தோஹா, இஸ்தான்புல் மாதிரி 10 விமான நிலையங்கள்ல இருந்து நேரா அமெரிக்கா வர்றவங்க, போனை விடப் பெரிய எந்தக் கருவியையும் கேபினுக்குள்ள கொண்டு வரக் கூடாது, பெட்டியில போட்டுடணும். பயம் வெறும் கற்பனை இல்ல. அதுக்கு முந்தின வருஷம் மொகடிஷுல இருந்து கிளம்பின விமானத்துல, லேப்டாப்புல மறைச்சு வெச்சதா சொல்லப்படுற குண்டு வெடிச்சு பக்கவாட்டுல ஓட்டையே விழுந்தது. ஆனா தடையோட விளைவு என்ன? பேட்டரியைக் கையில வெச்சுக்கோன்னு இத்தனை வருஷமா சொன்ன உலகத்துல, நூத்துக்கணக்கான லேப்டாப் ஒரே சரக்கு அறைக்குள்ள போச்சு. பிரிட்டனும் ஒரு பட்டியல் போட்டது, அதுல துபாய் இல்ல. அதாவது துபாய்ல இருந்து நியூயார்க் போனா உங்க லேப்டாப் ஆபத்து, லண்டன் போனா அதே லேப்டாப் சாது. கடைசியில விமான நிலையங்கள் சோதனையை இறுக்கினதும், ஜூலைக்குள்ள அமெரிக்கா தடையை எடுத்துடுச்சு. கருவியை விரட்டுறதை விட, கருவியை ஒழுங்கா பார்க்கிறதுதான் கடைசியில வேலைக்கு ஆச்சு.

ஃப்ளைட் மோட் விஷயத்தையும் சொல்லிடறேன், இல்லன்னா ஈ.சி.இ. நண்பர்கள் சண்டைக்கு வருவாங்க. 10,000 அடிக்குக் கீழ எல்லாத்தையும் அணைக்கணும்ங்கிற விதியை 2013-ல் எஃப்.ஏ.ஏ. தளர்த்துச்சு, அடுத்த வருஷம் நம்ம டி.ஜி.சி.ஏ.வும் தளர்த்துச்சு. பெரும்பாலான விமானங்கள் நம்ம கருவிகளோட ரேடியோ தொந்தரவைத் தாங்கும்னு கமிட்டி போட்டுப் பார்த்துட்டுத்தான் செஞ்சாங்க. 2022-ல் அமெரிக்க 5ஜி-யால விமானங்கள் ரத்தானது ஞாபகம் இருக்கலாம். அது ரேடியோ ஆல்டிமீட்டரோட அலைவரிசைக்குக் கிட்ட வந்த டவர்களோட பிரச்சனை. உங்க போனைக் குத்தம் சொல்லல. (அதுக்காக ஃப்ளைட் மோட் போடாம இருக்காதீங்க. போடுங்க.)

சரி, இவ்வளவு பேசிட்டு உண்மையைச் சொல்லாம விட்டா நியாயம் இல்ல.

டெல்லியில கடைசி நாள் ராத்திரி, அந்தப் பவர் பேங்க்கை மேஜை மேல வெச்சேன். ஆடுச்சு. ஒரு பக்கம் லேசா உப்பியிருந்தது. உப்பின பேட்டரியை விமானத்துல கொண்டு போகவே கூடாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா அது அப்பா வாங்கிக் கொடுத்தது, ஏர்போர்ட்டுக்குக் கிளம்ப இன்னும் நாலு மணி நேரம்தான் இருந்தது, தவிர "ஒண்ணும் ஆகாது மச்சி"ன்னு சொல்ல ரெண்டு பேர் கூடவே இருந்தாங்க. எடுத்துட்டுப் போனேன்.

செக்யூரிட்டியில ட்ரேயில தனியா வெச்சேன். 20,000 எம்.ஏ.எச்., கணக்குப் போட்டா 74 வாட்-அவர். அனுமதி 100 வரைக்கும். ஸ்கேனர்ல போச்சு, வந்துச்சு. யாரும் எதுவும் கேட்கல. பெட்டிக்குள்ள சாக்ஸுக்கு அடியில இருந்த நல்ல பவர் பேங்க்கைக் கண்டுபிடிச்ச அதே சிஸ்டம், கையில இருந்த கெட்டுப்போன பவர் பேங்க்கை விட்டுடுச்சு. எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியும். எப்படி இருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்.

பையை மேல வெச்சுட்டு உட்கார்ந்தேன். சீட் பெல்ட் விளக்கு அணைஞ்சதும் எழுந்து, அதை எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன். ரெண்டே முக்கால் மணி நேரம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன், சூடா இருக்கான்னு. தண்ணி கொண்டு வந்த ஏர் ஹோஸ்டஸ் அக்கா, "எனிதிங் எல்ஸ் சார்?"னு கேட்டாங்க. சொல்லியிருக்கலாம். "நோ, தேங்க் யூ"ன்னேன்.

2025 ஜனவரியில, நான் படிச்ச செய்தி இது: கொரியாவோட கிம்ஹே ஏர்போர்ட்ல, கிளம்பக் காத்திருந்த ஏர் பூசான் விமானம். சீட்டுக்கு மேல இருந்த பெட்டியில தீ. உள்ள இருந்த 176 பேரும் தப்பிச்சாங்க, விமானத்தோட கூரை எரிஞ்சு போச்சு. ஒரு பவர் பேங்க்தான் காரணமா இருக்கலாம்னு விசாரணையில சொன்னாங்க. மார்ச்ல இருந்து கொரியாவுல பவர் பேங்க்கை மேல வைக்கக் கூடாது, கண்ணு முன்னாடியே வெச்சுக்கணும்.

என்னோடது இப்போ ஹாஸ்டல் மொட்டைமாடியில, ஒரு மணல் வாளிக்குள்ள இருக்கு. பக்கத்துல இ-வேஸ்ட் யார் எடுத்துக்கிறாங்கன்னு தெரிஞ்சா சொல்லுங்க. வார்டனுக்கு இன்னும் தெரியாது.