ஏழு குரோஸ் எவ்வளவு?

நியூஜெர்சியில் தமிழ்ப் பெற்றோர் இருவர் சந்தித்தால் சிறிது நேரத்திலேயே பேச்சு பிள்ளைகளின் கணக்குக்கு வந்துவிடும். தனிப்பயிற்சிக்குக் குமோனா, ரஷ்யன் மேத்தா? மகள் நான்காம் வகுப்புக்குப் போனதும் எங்கள் வீட்டிலும் அதே கேள்வி. எட்டேழு எவ்வளவு என்று கேட்டால் அவள் தாளில் கட்டம் வரைந்தாள். பதினாறாம் வாய்ப்பாடு வரை கூட்டமாகக் கத்திப் படித்த எனக்கும் மனைவிக்கும் வயிற்றைக் கலக்கியது. நாங்கள் சிவகாசிக்காரர்கள். பிளஸ் டூ தேர்ச்சியில் விருதுநகர் மாவட்டம் ஆண்டாண்டாக முதலிடத்தில் நின்ற காலத்தில் படித்தவர்கள். 2023இலும் 97.85 சதவீதத்தோடு மாவட்டம் முதலில் வந்தபோது இங்கே இருந்தே கொண்டாடினோம்.

குமோனின் தொடக்கம் ஜப்பானில். கணக்கு ஆசிரியரான டோரு குமோன் 1954இல், இரண்டாம் வகுப்பு படித்த தன் மகனுக்குக் கைப்பட எழுதிய பயிற்சித் தாள்களிலிருந்து வளர்ந்தது அது. தெரிந்த கணக்குக்கும் சற்றுக் கீழே தொடங்குவார்கள். தினமும் தாள் உண்டு. உரிய நேரத்தில் பிழையில்லாமல் முடித்தால் அடுத்த படி. 1997இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய ரஷ்யன் மேத் வேறு வகை. வகுப்பாக உட்கார்ந்து, சுற்றி வளைத்து யோசிக்க வைக்கும் கணக்குகளோடு மல்லுக்கட்ட வேண்டும்.

எதில் சேர்ப்பது என்று தவித்துக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து அம்மா பேசினாள். "ஏய்யா, பிள்ளைக்குக் கணக்கு வரலையாமே? போனை அவகிட்ட குடு."

அம்மா ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். பெட்டி ஒட்டுவதற்குக் கூலி குரோஸ் கணக்கில்தான். ஒரு குரோஸ் 144 பெட்டி. சிவகாசிப் பிள்ளைகளின் உழைப்பு பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னபோது அம்மாவுக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. அவளைப் போன்ற எத்தனையோ பிள்ளைகளுக்குக் கணக்கு கற்றுக்கொடுத்தது கூலி குறைந்துவிடுமோ என்ற பயம்தான். அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கும்.

"தாயி, ஏழு குரோஸுக்கு எத்தனை பெட்டி?" என்றாள் அம்மா.

மகள் கட்டம் வரைந்தாள். நூறு, நாற்பது, நான்கு. எழுநூறு, இருநூற்றெண்பது, இருபத்தெட்டு. அவள் கூட்டி முடிப்பதற்குள் "ஆயிரத்தெட்டு" என்று அம்மா சொல்லிவிட்டாள். எப்படிச் செய்தாய் என்று அம்மாவிடம் கேட்டேன். "ஏழு நூறு எழுநூறு. ஏழு நாப்பத்துநாலு முன்னூத்தெட்டு. சேத்துக்கிட்டேன்."

இரண்டும் ஒரே வழி. இந்நாட்டுப் பள்ளி மகளுக்குச் சொல்லித்தந்ததைத்தான் அம்மா மனதுக்குள் செய்திருக்கிறாள். பேத்திக்கு வழி தெரியும், வாய்ப்பாடு விரல் நுனியில் இல்லை, அவ்வளவுதான் குறை. அந்தக் குறைக்கு ஆண்டு முழுக்கக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் போதும் என்று முடிவு செய்தோம். இப்போது பாட்டியும் பேத்தியும் தொலைபேசியில் குரோஸ் கணக்குப் போடுகிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பையனின் கதை இதற்கு நேர் எதிர். பெருக்கலைக் கேட்ட மாத்திரத்தில் விடை வரும். அதையே நான்கு வரிக் கதையாகக் கொடுத்தால் கூட்டுவதா கழிப்பதா என்று தெரியாமல் நிற்பான். அவனுக்கு இன்னும் தாள்களைக் குவிப்பதில் பயனில்லை. கணக்கை வாய்விட்டுப் பேச வைக்கும் வகுப்புதான் வேண்டும். குமோன் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. இந்தப் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

அந்தப் பையனின் அப்பா நேற்று யோசனை கேட்டார். மாதிரி வகுப்பில் அரை மணி நேரம் பின்னால் உட்காரச் சொன்னேன். பையன் தப்பாகப் போட்ட தாளில் சிவப்புக் கோடு இழுத்துத் திருப்பிக் கொடுக்கிறார்களா, இல்லை பக்கத்தில் உட்கார்ந்து, "இதை எப்படி யோசிச்சே?" என்று கேட்கிறார்களா என்று பாருங்கள் என்றேன். அப்படிக் கேட்கும் ஆசிரியர் இருந்தால், பலகையில் எந்தப் பெயர் இருந்தாலும் சேர்த்துவிடலாம்.