தண்ணி போற பக்கம் கிழக்கு

சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேஸ் ரயில் நிலையத்திலிருந்து மேலே வந்ததும் கைப்பேசியின் நீலப்புள்ளிக்குப் பித்துப் பிடித்துவிடும். நான் நிற்பது நடைபாதையில்; அது என்னைப் பக்கத்து ஆற்றுக்குள் இறக்கிவிட்டிருக்கும். சுற்றிலும் 280 மீட்டர் வரை எழும்பிய கட்டடங்கள். 20,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் செயற்கைக்கோள் அலை, கண்ணாடிச் சுவரில் பட்டுத் தெறித்துச் சுற்றி வருகிறது. நொடியில் கோடியில் ஒரு பங்கு தாமதித்தாலும் கணக்கு 30 மீட்டர் தப்பும்.

தஞ்சாவூர்க்காரனுக்கு இது கொஞ்சம் அவமானம்தான். திருவையாறு பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டே பாலங்களை எண்ணியவன் நான். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. ஒவ்வொரு பாலத்திலும் டயர் சத்தம் மாறும்.

ஓர் ஐப்பசி இரவு, கரண்ட் இல்லை, வானத்தில் ஒரு வெள்ளி இல்லை. வயல் நடுவே வழி தப்பிவிட்டது. தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் காலை விட்டார்.

“நீயும் வுடு. எந்தப் பக்கம் இழுக்குது?”

“சோத்தாங்கைப் பக்கம் தாத்தா.”

“அது கிழக்கு. ஊரு வடக்கால. மதகைத் தாண்டி நேரா நட.”

கிளை வாய்க்கால்கள் கண்டபடி திரும்பும். எது எங்கே திரும்பும் என்பது அவருக்கு மனப்பாடம்.

பகலில் அந்தக் கவலையும் இல்லை. பெரிய கோவில் விமானம் இருக்கிறது, 216 அடி. நில அளவைக்கு வந்த வில்லியம் லாம்டனுக்கும் குன்றே இல்லாத இந்தச் சீமையில் கோபுரங்கள்தான் கதி. 1808இல் அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற அளவைக்கருவியைப் பெரிய கோவில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. மனிதர் உட்கார்ந்து தட்டிச் சரிசெய்தார். உயரக் கட்டடத்தின் பக்கத்தில் அளவைக்கருவி தடுமாறுவது அன்றைக்கே எங்கள் ஊரில் தொடங்கிவிட்டது போலிருக்கிறது!

“கீழண்டைச் செவுரோரம் சொம்பு இருக்கு, எடு” என்பாள் அம்மா. இடது, வலது அவள் வாயில் வந்ததில்லை. போன வாரம் போனில் கேட்டாள்: “வூடு எந்தப் பக்கம் பாத்துருக்கு?” பதினாறாவது மாடி என்றேன்.

நேற்று இங்கே சிங்கப்பூர் ஆற்றங்கரைக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். 2008இல் மரீனா தடுப்பணை வந்தபிறகு அது நீர்த்தேக்கம். தண்ணீரில் ஒரு சருகு கிடந்தது. வெகுநேரம் நின்றேன், எந்தப் பக்கமும் அது நகரவில்லை.