ஊர் திரும்பிய பாராசூட் டாக்டர்

டேகு, தென் கொரியா



ஜூன் மாதம் பிறந்தாலே கொரியாவில் போர் ஞாபகம் வந்துவிடும். 6-ஆம் தேதி காலை பத்து மணிக்கு நாடு முழுக்க ஒரு நிமிடம் சங்கு ஊதுவார்கள். நாட்டுக்காக உயிர்விட்டவர்களை நினைக்கிற நாள். 25-ஆம் தேதி, 1950-இல் வடகொரியப் படை எல்லை தாண்டிய நாள். இரண்டுக்கும் நடுவே பள்ளிக்கூடங்களில் ஓவியம், வினாடி வினா, கட்டுரை என்று பிள்ளைகளுக்கு இதே வேலையாக இருக்கும்.

எங்கள் மேல் வீட்டுப் பையன் நாலாம் வகுப்பு. லிஃப்டில் என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டான். "அஜும்மா (ஆன்ட்டி), நமக்கு உதவிக்கு வந்த நாடு இருபத்திரண்டு. சண்டை போட்டது பதினாறு, வைத்தியம் பார்த்தது ஆறு. இந்தியா எதுல வரும், சொல்லுங்க?" "வைத்தியத்துல" என்றேன். "சரி" என்று மார்க் போடுகிற வாத்தியார் போலத் தலையாட்டினான். அதற்குள் என் மாடி வந்துவிட்டது.

சுவீடன், டென்மார்க், நார்வே, இத்தாலி, ஜெர்மனி, இந்தியா. கொரியப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லும் ஆறு பெயர்கள் இவை. அந்த ஆறில் நம்முடையது எப்படி வந்தது, போனவர்கள் எப்படித் திரும்பினார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. அதைத்தான் இந்த மடலில் சொல்லப் போகிறேன்.

படை அனுப்பச் சொல்லி ஐ.நா. கேட்டபோது சுதந்திர இந்தியாவுக்கு வயது மூன்று. நேருவுக்குத் துப்பாக்கி பிடித்த ஆளை அனுப்ப மனமில்லை. கையை விரிக்கவும் மனமில்லை. கடைசியில் 60-ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற ராணுவ மருத்துவப் பிரிவை அனுப்பினார். பெயரில் ஆம்புலன்ஸ் இருந்தாலும் இது வண்டி இல்லை. டாக்டர்கள், காயம் கட்டுகிறவர்கள், ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்கள், டிரைவர்கள், சமையல்காரர்கள் என்று முந்நூறு சொச்சம் பேர் சேர்ந்த நடமாடும் ஆஸ்பத்திரி. எல்லாருக்கும் தலையில் பாராசூட் படையின் மெரூன் தொப்பி.

தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். பெயரின் முதல் எழுத்து ஆற்காட்டைச் சொல்கிறது. 1941-இல் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்கள் இரண்டு பேர். ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். இன்னொருவர் இவர், அப்போது பட்டாலியன் டாக்டர். ஊசி போடுகிறவர் எதற்குக் குதிக்க வேண்டும் என்று கேட்கலாம். வீரர்கள் எங்கே போய் இறங்குகிறார்களோ அங்கேதான் அடிபடுவார்கள். டாக்டர் மட்டும் ரோடு வழியாக வந்து சேருவதற்குள் காரியம் கைமீறிவிடும்.

1950 நவம்பரில் பூசான் துறைமுகத்தில் இறங்கினார்கள். டிசம்பரில் வடக்கே பியோங்யாங் வரை போனார்கள். போன நேரம், சீனப் படை போருக்குள் வந்துவிட்டது. எல்லாரும் பின்வாங்கச் சொல்லி உத்தரவு. வண்டி கிடைக்கவில்லை, மருத்துவச் சாமான்களை அங்கேயே அழித்துவிட்டு ஆட்கள் மட்டும் கிளம்ப வேண்டிய நிலை. அவர்களுக்கு அது ஒப்பவில்லை. அனாதையாக நின்ற ஒரு ரயில் இன்ஜினையும் சில பெட்டிகளையும் தேடிப் பிடித்தார்கள். வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றி கொதிகலனை நிரப்பினார்கள். நெருப்பு மூட்டி, ஆஸ்பத்திரியை மூட்டை கட்டி ஏற்றி, தாங்களே ஓட்டிக்கொண்டு தெற்கே வந்தார்கள். வழியிலிருந்த பாலத்தைத் தகர்ப்பதற்குச் சற்று முன்னால்தான் அதைக் கடந்தார்களாம். கட்டுத்துணியும் கத்தியும் இல்லாமல் டாக்டர் மட்டும் தப்பி வந்து என்ன பிரயோஜனம் என்று தெரிந்தவர்கள்.

அதன்பின் பிரிவு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி ரங்கராஜோடு முன்வரிசையில், 27-ஆவது காமன்வெல்த் பிரிகேடுடன். மறுபாதி மேஜர் என்.பி. பானர்ஜி தலைமையில் நான் இப்போது குடியிருக்கும் இதே டேகுவில், கொரிய ராணுவ ஆஸ்பத்திரிக்கும் ஊர் மக்களுக்கும் வைத்தியம் பார்த்தது. அகதிகள் நிரம்பி வழிந்த ஊர். 1951-இல் டைஃபசும் பெரியம்மையும் நாடெங்கும் பரவிக்கொண்டிருந்தன. அந்த ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி சியோலுக்கு வடக்கே முன்சான் என்ற இடத்தில் அமெரிக்கப் பாராசூட் படை இறங்கியபோது, ரங்கராஜும் அவருடைய ஆட்களுமாகப் பன்னிரண்டு பேர் கூடவே குதித்தார்கள். இறங்கிய இடத்திலேயே ஆபரேஷன்.

அடிபட்டவர் எப்படிக் கைமாறிப் போவார் என்று கொஞ்சம் பார்ப்போம். குன்றின் மேல் ஒரு சிப்பாய்க்குத் தொடையில் குண்டு. அவருடைய பட்டாலியன் டாக்டர் இறுக்கிக் கட்டி அனுப்புவார். ஸ்ட்ரெச்சரிலோ ஜீப்பிலோ ஃபீல்டு ஆம்புலன்சுக்கு வந்து சேர்வார். அங்கே ரத்தத்தை நிறுத்தி, பிளாஸ்மா ஏற்றி, வலிக்கு மார்பின் கொடுத்து, எலும்பு முறிந்திருந்தால் கட்டை வைத்துக் கட்டுவார்கள். என்ன காயம், என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்று ஒரு சீட்டில் எழுதி உடம்பில் கட்டிவிடுவார்கள். பிறகு அவர் பின்னாலிருக்கும் அறுவை ஆஸ்பத்திரிக்குப் போவார். அடிபட்டவரை ஹெலிகாப்டரில் தூக்கிப்போவது பெரிய அளவில் தொடங்கியது இந்தப் போரில்தான். அங்கிருந்து கடல் தாண்டி ஜப்பானில் கூரே என்ற ஊரில் காமன்வெல்த் ஆஸ்பத்திரி. அதற்கப்புறம் பிரிட்டனோ ஆஸ்திரேலியாவோ, அவரவர் ஊர். இப்படிக் கைமாற்றும் ஏற்பாடு நன்றாக வேலை செய்தது. உயிரோடு ஆஸ்பத்திரி வந்து சேர்ந்த அமெரிக்க வீரர்களில் இறந்தவர்கள் இரண்டாம் உலகப் போரில் நூற்றுக்கு 4.5, கொரியாவில் 2.5.

ஏற்பாட்டுக்கு நல்லது, நடுவில் நிற்கிறவருக்குத்தான் சங்கடம். சண்டை போட்டவர் ஊர் திரும்பினால், அந்தக் குன்றைப் பிடித்தோம், இந்த ஆற்றைத் தாண்டினோம் என்று முடிவோடு கதை சொல்லலாம். காயம் கட்டியவரிடம் எல்லாமே பாதிக் கதை. சீட்டைக் கட்டி அனுப்பியதோடு அவர் வேலை முடிந்தது. அந்தக் கால் பிழைத்ததா, வெட்டி எடுத்தார்களா, ஆள் நடந்தே வீட்டுக்குப் போனாரா, தெரியாது. முகவரி இல்லை, பாஷையும் வேறு, அடுத்த ஸ்ட்ரெச்சர் வாசலில் நிற்கிறது. ராணுவ மருத்துவர் ஒருவர் வெளிநாட்டுப் பணி முடிந்து ஊர் திரும்பும்போது பெட்டியில் துணிமணியோடு இந்த அரைக் கதைகளும் வருகின்றன. வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேரைக் காப்பாற்றினாய் என்று ஆசையாகக் கேட்பார்கள். அவருக்கு நேர்மையாகத் தெரிந்த பதில், இத்தனை பேரை அனுப்பிவைத்தேன் என்பது மட்டும்தான்.

60-ஆவது பிரிவினர் ஊர் திரும்பத் தாமதமானதற்குக் காரணமே ஊர் திரும்புவது பற்றிய தகராறுதான். சமாதானப் பேச்சு 1951 ஜூலையில் தொடங்கியும் போர்நிறுத்தம் 1953 ஜூலை 27-ஆம் தேதிதான் கையெழுத்தானது. சிறைப்பட்ட வீரர்களை அவரவர் நாட்டுக்குக் கட்டாயமாகத் திருப்பி அனுப்புவதா, விருப்பம் கேட்பதா என்ற கேள்வியில்தான் பேச்சு நெடுநாள் சிக்கிக் கிடந்தது. கடைசியில் திரும்ப மறுத்த இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் காவல் காக்க இந்தியாவே ஒரு படை அனுப்பியது. விருப்பம் விசாரிக்கும் நடுநிலை ஆணையத்துக்குத் தலைவர் ஜெனரல் திம்மய்யா. காவல் படைக்கு மேஜர் ஜெனரல் தோரட். இந்தியச் சிப்பாய் தன் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ பிடிவாதமாக இருந்ததால், இஞ்சியோனில் வந்து சேர்ந்தவர்களை ஹெலிகாப்டரிலேயே எல்லைப் பகுதிக்குக் கொண்டுபோனார்கள். அதே மண்ணில் இந்திய டாக்டர்கள் மூன்றாவது வருஷமாக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்! 60-ஆவது பிரிவும் இந்தக் காவல் படையோடு சேர்ந்து வேலை செய்து, 1954 பிப்ரவரியில் ஊருக்குக் கிளம்பியது.

அந்தப் பிப்ரவரியில் அஸ்டூரியாஸ் என்ற கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. அதில் கொரியர்கள் 76, சீனர்கள் 12, ஆக 88 பேர். வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம், தைவானும் வேண்டாம் என்று மூன்றாவது நாடு கேட்டவர்கள். பெரும்பாலோர் பிறகு பிரேசில், அர்ஜென்டினா என்று போய்விட்டார்கள். இவர்களைப் போன்ற ஒருவனை நாயகனாக வைத்து சே இன்-ஹுன் 1960-இல் எழுதிய 'சதுக்கம்' நாவலை இங்கே படிக்காத மாணவர் அபூர்வம். திரும்ப வீடுள்ளவர்களும் வீடே வேண்டாம் என்றவர்களும் ஒரே மாதத்தில் ஒரே கடலைக் கடந்தார்கள். கொரியக் கற்பனை இரண்டாமவர்களைப் பிடித்துக்கொண்டது. நாம் இரண்டு பேரையும் விட்டுவிட்டோம்.

முற்றிலும் மறந்தோம் என்று சொன்னால் அநியாயம். ரங்கராஜுக்கும் பானர்ஜிக்கும் மகாவீர் சக்கரம் கொடுத்தார்கள். 1955-இல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் அந்தப் பிரிவுக்குக் கோப்பை வழங்கினார். ராணுவ வட்டாரத்தில் பெயர் இருந்தது. ஆனால் அது நம் போர் இல்லை, வெற்றி விழா எடுக்கவும் ஒன்றுமில்லை. தெருவில் யாருக்கும் மாலை போட வேண்டிய அவசியம் தோன்றவில்லை.

ரங்கராஜின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கு அப்புறம்தான் வருகிறது. ராணுவ வேலை முடிந்த பிறகு அவர் மறுபடி வெளிநாடு போனார், இந்த முறை உலக சுகாதார நிறுவனத்துக்காக. ஆஃப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்பு வேலையை முன்னின்று நடத்தினார். மலையும் பனியுமான நாடு. ஊர் ஊராக நடந்தே போய்த் தடுப்பூசி போட வேண்டும். அம்மைச் சிரங்கின் பொருக்கைப் பொடித்து உடம்பில் ஏற்றும் பழைய வைத்தியர்களால் நோய் பரவும். அவர்களையும் சமாளிக்க வேண்டும். 1972-இல் அந்த நாட்டுக்குள் பரவல் நின்றது. கொடிய வகைப் பெரியம்மை இயற்கையாகத் தாக்கிய கடைசி ஆள் 1975 அக்டோபரில் வங்கதேசத்தின் போலா தீவில் ஒரு சின்னஞ்சிறு பெண்குழந்தை, அவளும் பிழைத்துக்கொண்டாள்.

ஏன் மறுபடி போனார் என்று அவர் மனதுக்குள் புகுந்து சொல்ல என்னால் ஆகாது. ஆனால் இரண்டு வேலைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. போர்க்களத்தில் ஒரு நோயாளியின் முடிவுகூட டாக்டருக்குத் தெரிய வராது. பெரியம்மையிலோ கடைசி நோயாளி யார், எந்தத் தீவு, எந்த மாதம் என்பதுவரை தெரிந்தது. 1980 மே மாதம் உலகத்தில் இந்த நோய் இல்லை என்று அறிவித்தார்கள். மருத்துவத் தொழிலில் முழுக்கதையாக முடிந்த வேலை இது ஒன்றுதான் இருக்கும்.

60-ஆவது பிரிவு இன்றும் ஆக்ராவில் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்துக்கு ஓடி, இஸ்கெந்தெருனில் ஆஸ்பத்திரி போட்டது இவர்கள்தான். 2025-இல் மியான்மர் நிலநடுக்கத்துக்கு மாண்டலே போனதும் இவர்களே. துருக்கியிலிருந்து கிளம்பியபோது ஊர் மக்கள் கைதட்டி, கட்டிப்பிடித்து வழியனுப்பினார்கள். இப்போது கையில் ஃபோன் இருக்கிறது. தையல் பிரித்த காலைப் படமெடுத்து நோயாளியே அனுப்பிவிடலாம். 1954-இல் திரும்பியவர்களுக்குக் கிடைக்காத மறுபாதிக் கதை இன்றைக்கு ஒரு வாட்ஸ்அப் தூரத்தில் இருக்கிறது.

கொரியா தன் பங்குக்கு மறக்கவில்லை. பூசான் தேஜோங்தேயில் மருத்துவ உதவி செய்த நாடுகளுக்கு 1976-இலேயே நினைவுச் சின்னம் வைத்தார்கள். 2020 ஜூலைக்கான போர் நாயகராக ரங்கராஜின் பெயரை அறிவித்தார்கள். உதவிய நாடுகளின் முன்னாள் வீரர்களை 1975 முதல் விருந்தினராக வரவழைக்கிறார்கள். இப்போது அவர்கள் குடும்பத்தாரையும் அழைக்கிறார்கள்.

ஆகவே வாசகர்களே, ஒரு வேண்டுகோள். நம் பக்கத்தில் ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தவர்கள் எத்தனையோ பேர். வேலூர்ப் பக்கம் போனால் வீட்டுக்கு வீடு ராணுவக் கதை கிடைக்கும். கொரியா, காங்கோ, லெபனான் என்று வெளிநாட்டுப் பணிக்குப் போய் வந்த தாத்தாவோ பெரியப்பாவோ உங்கள் வீட்டில் இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். அவர் இல்லையென்றால் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். யூனிட் எண், ஊர், வருஷம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை பேரைக் காப்பாற்றினீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். யாரையெல்லாம் அனுப்பிவைத்தீர்கள் என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும். கொரியா சம்பந்தப்பட்டதாக இருந்தால் பத்திரிகை முகவரிக்கு எழுதிப் போடுங்கள். இங்குள்ள அலுவலகங்களில் விசாரிக்க வேண்டியதை நான் விசாரித்துச் சொல்கிறேன்.

இங்கே மழைக்காலம் தொடங்கப் போகிறது. இட்லி மாவு புளிப்பதற்கு ஏற்ற நாட்கள். அடுத்த மடலில் டேகுவின் மூலிகைச் சந்தைக்குக் கூட்டிப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் கொரியத் தோழி