கச்சிபௌலியில் ஒழுகும் ஜீப்

காலை ஆறே முக்கால் மணி. கச்சிபௌலியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளம். சத்தமே போடாத மின்சாரக் கார்கள் இரண்டுக்கு நடுவே பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கைப் பம்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருக்கிறேன். இருபது, முப்பது, நாற்பது. பிறகு சாவியைத் திருப்பினால் ஒரு இருமல், கொஞ்சம் வெண்புகை, மறுபடியும் மௌனம். இன்னொரு நாற்பது. இப்போது உயிர் வருகிறது. வாட்ச்மேன் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்கிறார்.

வண்டி மகிந்திரா எம்.எம். 540. நான்கு சக்கரங்களும் இழுக்கும் டீசல் ஜீப். 1991ல் போடிநாயக்கனூரில் அப்பா வாங்கியது. ஏலத் தோட்டத்துக்கு ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் வருடக்கணக்காக ஏறி இறங்கியது. இன்ஜின் பிரான்சின் பெஜோ வடிவமைத்த எக்ஸ்.டி.பி. 4.90. பெயரிலேயே கணக்கு இருக்கிறது: நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம், மொத்தம் 2,112 சி.சி. அப்பாவின் முழங்கால் கிளட்சை மிதிக்க மறுத்தபோது வண்டி என்னோடு ஹைதராபாத்துக்கு வந்தது.

இப்போது குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. தரையில் டீசல் கறை. ஞாயிற்றுக்கிழமைக்குள் சரி செய்யுங்கள், இல்லையென்றால் வண்டியை வெளியேற்றுங்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. "டீசல்தானே, பெட்ரோலா என்ன?" என்று நானும் சொல்லிப் பார்த்தவன்தான். ஆனால் இந்தியத் தர விதிப்படி டீசலின் தீப்பற்று நிலை குறைந்தபட்சம் 35 டிகிரி என்றுதான் இருக்கிறது. அந்தச் சூட்டில் அதன் ஆவி ஒரு பொறியைச் சந்தித்தால் பற்றக்கூடும். ஹைதராபாத்தின் மே மாதம் சாதாரணமாகவே 40ஐத் தாண்டும். இன்ஜினுக்கு மேல் இருக்கும் சூட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இதற்கு மேல் இன்னொரு செலவு. இருபது வயது தாண்டிய கார், ஜீப் வகைகளின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக்கப்பட்டது. பழைய இரும்பு வியாபாரி ஒருவர் விலையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை.

பழைய வண்டிக்கு மெக்கானிக் தேட இதைவிட மோசமான இடம் இருக்க முடியாது. பௌலி என்றால் படிக்கிணறு. ஹைதராபாத்தில் புத்லிபௌலி போல இந்த வால் கொண்ட பெயர்கள் இன்னும் உண்டு. 1974ல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம், கிணற்றின் பெயரைச் சுமக்கும் இந்த இடத்துக்கு வந்தபோது சுற்றிலும் புதரும் பாறையும்தான். ஒன்றன்மேல் ஒன்றாக யாரோ அடுக்கி வைத்தது போல நிற்கும் அந்தக் கருங்கற்களுக்கு ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயது. 1998ல் ஐ.ஐ.ஐ.டி. வந்தது, 2001ல் ஐ.எஸ்.பி. வந்தது, பிறகு 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை. பாறைகளை வெடித்துத்தான் ஊர் எழும்பியது. மிச்சமிருக்கும் பச்சைக்கும் சண்டைதான். 2025 மார்ச் கடைசியில் பல்கலைக்கழகத்தை ஒட்டிய காஞ்சா கச்சிபௌலியின் 400 ஏக்கரில் மண் வாரும் இயந்திரங்கள் இறங்கின. ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதை நிறுத்தச் சொன்னது.

இங்குள்ள கண்ணாடிச் சுவர் சர்வீஸ் நிலையம் ஒன்றில், லேப்டாப்பை இணைக்க என் வண்டியில் ஓட்டை எங்கே என்று தேடினார்கள். இல்லை என்றதும் மரியாதையாக வழியனுப்பி வைத்தார்கள்.

லிங்கம்பள்ளி போகும் பழைய மும்பை நெடுஞ்சாலையில், தகரக் கொட்டகை ஒன்றில்தான் பாய் கிடைத்தார். அறுபதைத் தாண்டியவர். பாறை உடைக்கும் கம்ப்ரஸர்களின் டீசல் இன்ஜினில் தொழில் கற்றவர். நான் தட்டுத் தடுமாறி இந்தியில் ஆரம்பித்தேன். நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த 'போடி' என்ற எழுத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, தமிழ்லயே சொல்லுங்க" என்றார். அதுவும் அசல் கொங்குத் தமிழ்! படிக்கிணறுகள் தூர்ந்த ஊருக்கு ஆழ்துளைக் கிணறு போட வந்த திருச்செங்கோட்டு லாரிக்காரர்கள் அவருக்கு நீண்ட நாள் வாடிக்கை. அவர்களிடம் கற்றுக்கொண்டதாம்.

"எங்க ஒழுகுதுங்க?"

நாசில்களின் தலையிலிருந்து தொட்டிக்குத் திரும்பும் மெல்லிய ரப்பர் குழாயைக் காட்டினேன். அதை ஏற்கெனவே எம்-சீலும் நூலும் வைத்து நானே கட்டியிருந்தேன். பாய் என் கைவேலையை அனுதாபத்தோடு பார்த்தார்.

"இது ஒழுகட்டுங்க. ஒழுகறதுனால வண்டி காலைல மக்கர் பண்ணாது. காத்து எங்கயோ உள்ள போகுது, அதைப் புடிக்கோணும்."

எனக்கு இது புதிது. டீசல் வண்டியில் இரண்டு விதக் கசிவுகள் உண்டு. பம்ப் தள்ளும் பக்கத்தில் ஓட்டை என்றால் டீசல் வெளியே வரும், கண்ணுக்குத் தெரியும். தொட்டியிலிருந்து பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை என்றால் ஓடும்போது ஒரு சொட்டுக்கூட வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். இரவில் வண்டி நிற்கையில் அந்த ஓட்டை வழியாகக் காற்று புகுந்து, குழாயில் நிற்கும் டீசல் மெதுவாகத் தொட்டிக்கே இறங்கிவிடும். காலையில் பம்புக்குக் கிடைப்பது வெறுங்காற்று. டீசலைப் போலக் காற்றை அழுத்தி நாசிலைத் திறக்க முடியாது, அது சுருங்கிக்கொள்ளும். அதற்குத்தான் நான் தினமும் நாற்பது முறை கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பாய் முதலில் இன்ஜினைத் துடைத்தார். முழுசாக ஒரு மணி நேரம், மண்ணெண்ணெய்த் துணியால். பிறகு முகத்துக்குப் போடும் பவுடரை எடுத்து இணைப்புகளின் மேல் தூவிவிட்டு இன்ஜினை ஓடவிட்டார். வெள்ளைப் பவுடரில் ஈரம் பரவிய இடம் கோடு போட்டது போலத் தெரிந்தது: திரும்பு குழாயில் மூன்று இடம், ஃபில்டர் தலையில் ஒன்று. நாசில் பைப்பின் பக்கம் நான் விரலை நீட்டியதும் கையைத் தட்டிவிட்டார். அந்தக் குழாய்களில் பாயும் டீசல் நூறு வளிமண்டல அழுத்தத்தைத் தாண்டியது. ஊசி முனைத் துளையிலிருந்து பீய்ச்சினால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கசிவு பார்க்க அட்டைத் துண்டு நீட்ட வேண்டும், கையை அல்ல.

காற்றைப் பிடிக்க வேறு வழி. பம்புக்குள் நுழையும் ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் ஒரு முழம் மாட்டினார். தேன் நிற டீசலில் குமிழிகள் வரிசையாக ஓடின. தொட்டியிலிருந்து ஒவ்வொரு இணைப்பாக மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே வந்தார். மதியத்துக்குமேல் கைப் பம்பைத் தவிர்த்துக் குழாயை நேராக இணைத்தபோது குமிழி நின்றது.

குற்றவாளி, நான் தினமும் அழுத்திய அதே கைப் பம்ப். அதன் தண்டைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் வளையல் போல இறுகிச் சுருங்கியிருந்தது.

"டீசல் மாறிப்போச்சுங்க, ரப்பர் மாறலை" என்றார் பாய். அன்று இதை நம்பவில்லை. பிறகு தேடிப் படித்தேன். இந்த ஜீப் பிறந்த காலத்தில் இந்திய டீசலில் ஒரு சதவீதம் வரை கந்தகம் அனுமதிக்கப்பட்டது. பத்து லட்சத்தில் 10,000 பங்கு. ஹைதராபாத்துக்கு 2010ல் அது 50 ஆனது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் 10. கந்தகத்தை எடுக்கும் முறையில் அரோமாட்டிக் எனப்படும் சேர்மங்களும் குறைகின்றன. பழைய நைட்ரைல் ரப்பர் அவற்றை உறிஞ்சி ஊதிப்போய்தான் துளையை அடைத்துக்கொண்டிருந்தது. ஊறல் போனதும் சுருங்கிவிடுகிறது. அமெரிக்காவில் 1993 அக்டோபரில் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோது பழைய லாரிகளில் இதே போலக் கசிவுகள் ஏற்பட்டன. காற்று சுத்தமாக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை; வீட்டில் குழந்தைக்கு வீசிங் இருக்கிறது. முப்பது வருட முதுமைக்கும் இதில் பங்கு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வளையத்துக்கு ராணிகஞ்ச் போனேன். செகந்திராபாத் பக்கம், உதிரி பாகக் கடைகள் நெருக்கியடிக்கும் தெரு. பழைய வளையத்தை விரலில் உருட்டிப் பார்த்த கடைக்காரர் அதே அளவில் வைட்டான் ரப்பரில் ஒன்று எடுத்துப் போட்டார். இது புதிய டீசலுக்கும் சுருங்காதாம். திரும்பு குழாய், ஹோஸ், கிளிப்புகள் எல்லாம் சேர்த்து 340 ரூபாய். மனதுக்குள் நான் விற்றுவிட்டிருந்த வண்டி!

ஃபில்டர் தலையின் செம்பு வாஷர்களை மட்டும் பாய் வாங்கவிடவில்லை. டீ போடும் ஸ்டவ்விலேயே அவற்றைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார். முடுக்கி முடுக்கி இறுகிய செம்பு, காய்ச்சினால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும். போல்ட் அமுக்கும்போது பள்ளம் மேட்டோடு ஒட்டிக்கொள்ளும். கடைசியாகக் காற்று எடுக்கும் வேலை. ஃபில்டரின் திருகைத் தளர்த்தி, நுரை நின்று சுத்த டீசல் வரும்வரை கைப் பம்ப். இந்த முறை பன்னிரண்டு அழுத்தல்தான்.

இரவு அப்பாவுக்கு போன் செய்தேன். கைப் பம்ப் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"போடிமெட்டுல நின்னப்ப நான் சோப்பைத் தேச்சு ஓட்டியாந்தேன்டா. தொட்டியில விரிசல்."

"அப்புறம் வெல்டிங் வெச்சீங்களாப்பா?"

"தண்ணி ரொப்பி, கொதிக்க வெச்சு, ஒரு நாள் காயப்போட்டு அப்புறம்தான். காலித் தொட்டிதான் வெடிக்கும், தெரியும்ல?"

தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வித்துட்டியோன்னு நெனச்சேன்" என்றார்.

மறுநாள் காலை கைப் பம்பைத் தொடவில்லை. ஹீட்டர் சூடாகும்வரை எண்ணிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். பாதிச் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. வண்டிக்கு அடியில் முதல் நாள் இரவு விரித்திருந்த அட்டையை வாட்ச்மேன் இழுத்துப் பார்த்தார். டீசல் இல்லை. ஓரத்தில் கறுப்பாக ஒரு சொட்டு மட்டும். அட்டையைப் படம் எடுத்துப் பாய்க்கு அனுப்பினேன்.

"அது கியர் ஆயிலுங்க" என்று பதில் வந்தது. "அடுத்த வாரம் வாங்க."