நல்ல தண்ணீர்க் கிணறு

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு என்று பெயருக்கு ஒன்றைச் சொல்லுகின்றோம்; அதுவும் மாரியில் மட்டுமே ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைநீர் செம்மண்ணினூடாக இறங்கி, கீழே சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகின்றது. உவர்நீரின் மேல் மிதக்கும் அந்த நன்னீர்ப் படையே எமது கிணறுகளில் ஊறுவது. குடிப்பதும் அதனை, குளிப்பதும் அதனை, வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இறைப்பதும் அதனையே. மலசலகூடக் குழியிலிருந்து கசிவதும் அங்கேதான் போய்ச் சேருகின்றது. இதனைப் பேசத்தான் நாம் கூசுகின்றோம்.

கிணற்றை மதிக்க எமது முன்னோருக்கு இருந்த அளவுகோல் நாக்கு ஒன்றே. உவர்த்தால் சவர்த்தண்ணீர், உவர்க்காவிட்டால் நல்ல தண்ணீர். சீதனமாகக் காணி எழுதும்போதும் அந்தக் கேள்வியே முதலில் எழும். நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள வீட்டுக்கு அயலார் குடத்தோடு வருவதும், வீட்டுக்காரர் அதனைத் தமக்கொரு பெருமையாகக் கருதுவதும் இன்றும் சில ஊர்களில் காணக்கூடிய காட்சிகள். ஆனால் நாக்குக்கு எட்டாத ஒன்று அந்த நல்ல தண்ணீரில் பல்லாண்டுகளாகச் சேர்ந்துவருகின்றது. அதன் பெயர் நைத்திரேற்று. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கிணற்று நீரில் காணப்படும் அளவில் சுவையும் தெரிவதில்லை.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட செய்தியன்று. யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கிணறுகளின் நைத்திரேற்று மாசைப் பற்றிய ஆய்வு 1988 ஆம் ஆண்டிலேயே அச்சேறிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் குறித்துள்ள எல்லை ஒரு இலீற்றர் நீரில் 50 மில்லிகிராம். செறிவாகத் தோட்டஞ் செய்யும் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அந்த எல்லை கடந்திருப்பதைப் பின்வந்த ஆய்வுகளும் காட்டியுள்ளன.

இதனால் முதலில் துன்புறக்கூடியவர் யார்? பேச்சறியாத கைக்குழந்தையே. 1945 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்திலே ஹண்டர் கொம்லி என்னும் மருத்துவர், பண்ணை வீட்டுக் கிணற்று நீரில் கரைத்த பாலை உண்ட சிசுக்கள் உடல் நீலம் பாரித்து வந்ததைக் கண்டு, காரணம் நைத்திரேற்றே என்று எழுதினார். சிசுவின் வயிற்றில் அமிலம் குறைவு. ஆதலால் அங்கே நுண்ணுயிர்கள் பெருகி நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றிவிடுகின்றன. அது குருதியிற் கலந்தால், ஒட்சிசனைச் சுமக்க வேண்டிய செந்நிறப்பொருள் சுமக்க இயலாததாகிவிடுகின்றது. உதடும் நகமும் நீலமாகின்றன. கவனியாது விட்டால் உயிருக்கே ஆபத்து. (இதற்கு மருத்துவர் நாளத்தில் ஏற்றும் மருந்து மெதிலீன் நீலம் என்னும் சாயம். நீலத்தை நீலத்தாற் போக்குவது விந்தையே.) ஆறு மாதத்துக்குட்பட்ட, பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் சிசுக்களே பெரிதும் இந்த ஆபத்துக்கு உள்ளாகின்றவர்கள். தாய்ப்பாலில் நைத்திரேற்று மிகுதியாகச் சேர்வதில்லை. கடவுள் தந்த அந்த உணவுக்கு இப்படியும் ஒரு சிறப்பு உண்டு.

எமது வீட்டுத் தாய்மாருக்கு இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குழந்தைக்கென்றால் நீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுப்பதே கவனமான தாய்க்கு அழகு என்று படித்திருக்கின்றோம். கிருமிகளைப் பொறுத்தமட்டில் அது முற்றிலும் சரி. அதனைக் கைவிடும்படி நாம் கூறவில்லை. ஆனால் நைத்திரேற்று கொதிப்பதால் அழியாது. நீர் ஆவியாகப் போக, அது பானையிலே தங்கிவிடும். இலீற்றருக்கு 60 மில்லிகிராம் உள்ள நீரை முக்காற் பங்காகச் சுண்டக் காய்ச்சினால், அது 80 ஆகிவிடும். குளோரீனும் அதனை நீக்காது. வடிகட்டும் மட்பாண்டமும் நீக்காது. அன்பினால் நெடுநேரம் காய்ச்சும் கையே கேட்டைப் பெருக்குகின்றது.

தோட்டக்காரரை மட்டும் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது. கடனுக்கு விதைவெங்காயம் வாங்கி நட்டவர், இலை சற்று மஞ்சளித்தாலும் இன்னும் இரண்டு பிடி யூரியா எறியாமல் எப்படி உறங்குவார்? யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். பயிர் வேண்டியதை எடுக்கும். எஞ்சியது மண்ணில் நைத்திரேற்றாகி, இறைப்பு நீரோடும் மாரி மழையோடும் பாறைக்குள் இறங்கிவிடும். மண் அதனைப் பிடித்துவைப்பதில்லை. பூவரசங் குழை தாழ்த்தியும் ஆட்டுப்பட்டி அடைத்தும் மண்ணை வளப்படுத்திய காலத்தில், துலா மிதித்து இறைத்தவர் அளவோடுதான் இறைத்தார். இயந்திரத்துக்கு அந்தக் களைப்பு இல்லை.

ஆனால் ஒரு கணக்கைத் தோட்டக்காரர் அறிந்தால் அவருக்கே இலாபம். இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று உள்ள கிணற்றிலிருந்து ஓர் ஏக்கருக்கு நாலங்குல உயரம் நீர் பாய்ச்சினால், ஏறத்தாழ 10 கிலோ யூரியாவில் உள்ள நைதரசன் அந்த நீரோடே பயிருக்குப் போய்விடுகின்றது. ஒரு போகத்துக்கு அதைப் போலப் பன்மடங்கு நீர் பாய்ச்சுகின்றோம். கிணறு இலவசமாகத் தரும் பசளையைக் கழித்துக்கொண்டு மிகுதியை மட்டும் கடையில் வாங்கலாம். அதையும் சிறுகச் சிறுகப் பிரித்து, பெருமழைக்கு முன் போடாமல் இடலாம். 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை ஒரே நாளில் நிறுத்தப்பட்டு, விளைச்சல் விழுந்து, அதே ஆண்டு நவம்பரில் தடை தளர்ந்ததைக் கண்டோம். அந்த வழியை நாம் கேட்கவில்லை.

எரிகோ நகரத்தார் இறைவாக்கினர் எலிசாவிடம் வந்து, ஊர் நல்லது, நீரோ கெட்டது என்று முறையிட்டதை வேதாகமத்திலே வாசிக்கின்றோம். அவர் வீடுவீடாகச் சென்று குடங்களில் மருந்து இடவில்லை, ஊற்றுக்கே போனார். (அவர் இட்டது உப்பு. எமக்கு அது வேண்டாம். கிணற்றின் அடியிலே போதிய அளவு இருக்கின்றது.) எமது ஊற்றோ எல்லார் காணியின் கீழும் பரந்து கிடக்கின்றது. வேலி மேலேதான்; பாறைக்குள் வேலி இல்லை. ஒருவர் தோட்டத்தில் மிஞ்சியது அடுத்த வளவுக் குழந்தையின் பாற்போத்தலில் வந்து நிற்கலாம். அடி மூடாத மலக்குழியை அயல்வீட்டுக் கிணற்றோரம் வெட்டுகின்றவரும், கிணற்றடியில் மாடு கட்டுகின்றவரும் இதிற் பங்காளிகளே. நெருக்கமான வளவுகளில் தூரத்தைக் கூட்ட இடமில்லை. அங்கே அடியும் சுவரும் கசியாமற் பூசிய தொட்டியே வழி.

2024 ஆம் ஆண்டு தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரவல்லது. குழாய் எட்டிய வீடுகளில் குழந்தைக்கு அந்நீரைக் கொடுக்கலாம். எட்டாத வீடுகளில், சுத்தமான கூரையிலிருந்து தொட்டியில் சேர்த்த மழைநீரைக் காய்ச்சிக் கொடுக்கலாம். எதுவாயினும் முதலிற் செய்ய வேண்டியது சோதனை. வீட்டில் ஒரு பெண் கருவுற்றிருக்கும்போதே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு நீரைச் சோதிப்பித்தல் நன்று. வேனிலில் ஒரு முறையும், மாரி மழை விழுந்த பின் ஒரு முறையும் எடுக்க வேண்டும். ஏனெனில் இரண்டும் ஒரே அளவைக் காட்டுவதில்லை. "எங்கள் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறாயிற்றே" என்று வீட்டுப் பெரியவர் மனம் நோகலாம். அவர் சொல்வது உப்பைப் பற்றி என்று பணிவோடு சொல்லி, போத்தலை நிரப்பிக்கொள்ளலாம்.