முட்டைக்கு ஒரு கோழி, விதைக்கு ஒரு கோழி

"வீட்டுல கோழி வளர்க்கலாம்னு இருக்கோம்" என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லிப் பாருங்கள். ஆளுக்கொரு ரகம் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்குள்ளேயே நாலு கட்சி!

நாங்கள் இருப்பது தாராபுரம் பக்கம். மழை குறைவு, வெயிலும் காற்றும் அதிகம். வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் இடம், இரண்டு வேப்ப மரம், ஒரு முருங்கை. மாமனார் தவறிய பிறகு என் மாமியாருக்குப் பொழுது விடிவதே கோழிகளோடுதான். கூண்டைத் திறந்துவிட்டு, கம்பு இறைத்து, ஒவ்வொன்றையும் பேர் சொல்லித் திட்டி முடிப்பதற்குள் காலை ஓடிவிடும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடையில் ஊரெல்லாம் வெள்ளைக் கழிச்சல் நோய் வந்தது. நாலே நாளில் அத்தையின் 23 கோழிகளும் போயின. அதற்குப் பிறகும் அவர் விடியற்காலையில் எழுந்துகொள்வார். ஆனால், வெறுமனே திண்ணையில் உட்கார்ந்திருப்பார். சாப்பாடும் குறைந்துவிட்டது. "எனக்கு இனி என்ன வேலை அம்மிணி?" என்று ஒருநாள் கேட்டார். மறுபடி கோழி வாங்குவது என்று அன்றைக்கே முடிவானது. எந்தக் கோழி என்பதில்தான் வாக்குவாதம்.

என் கணவருக்குக் கணக்குதான் முக்கியம். "வெள்ளை லெகார்ன் வருஷத்துக்கு 300 முட்டை போடும்" என்றார். உண்மைதான். நாமக்கல் பண்ணைகளில் அப்படிப் போடுகிறது. ஆனால், அது கூண்டில் இருந்து, அளந்து வைத்த தீவனம் தின்று போடும் முட்டை. அதே கோழியைக் கொல்லையில் மேயவிட்டால் அந்தக் கணக்கு நிற்காது. வெள்ளை நிறம் பருந்தின் கண்ணுக்கும் பளிச்சென்று தெரியும்.

ஒன்பதாவது படிக்கும் மகன், "கடக்நாத் வாங்கலாம்" என்றான். "முட்டையும் கறுப்பா இருக்குமா அப்பத்தா?" என்று வேறு கேட்டான். கறி, எலும்பு வரை கறுப்பாக இருக்கும். முட்டை மட்டும் வெளிர் பழுப்புதான். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக் கோழி. 2018-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வெயிலைத் தாங்கும். ஆனால், வருஷத்துக்குச் சுமார் 80 முட்டைதான். அடைக்கு உட்காருவதிலும் கொஞ்சம் சோம்பல்.

அத்தை ஒரே வார்த்தையில் முடித்தார்: "சிறுவிடை!" சின்ன உடம்பு, சுறுசுறுப்பான கால், ஆபத்து என்றால் மரத்தில் ஏறிக்கொள்ளும் புத்தி. குஞ்சுகளை இறக்கைக்குள் வைத்துக் காக்கும். ஆனால், முட்டை வருஷத்துக்கு 60 முதல் 80 வரைதான்.

நான் கால்நடை மருந்தகத்துக்குப் போய் டாக்டரிடமே கேட்டேன். அவர் சிரித்தார். "எத்தனை முட்டை போடும்னு எல்லாரும் கேக்கறாங்க. அடுத்த வருஷம் எத்தனை கோழி மிஞ்சும்னு யாரும் கேக்கறதில்லைங்க" என்றார்.

அந்த ஒரு கேள்வி எங்கள் சண்டையைத் தீர்த்துவிட்டது. புறக்கடை வளர்ப்புக்கென்றே ஹைதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கியவை வனராஜா, கிராமப்பிரியா. வனராஜா எடை கூடியது. கறிக்கும் முட்டைக்கும் ஆகும். வருஷத்துக்கு நூறு, நூற்றுப்பத்து முட்டை வரும். முட்டைதான் வேண்டும் என்றால் கிராமப்பிரியா. மேய்ச்சலோடு கொஞ்சம் தீவனமும் வைத்தால் 160 முதல் 180 வரை போடும். ஆனால், இவற்றை அடைக்கு நம்ப முடியாது. கலப்பின ரகம் என்பதால், அதன் முட்டையைப் பொரிக்க வைத்தாலும் குஞ்சுகள் தாயைப் போல முட்டையிடாது. ஒவ்வொரு தடவையும் புதுக் குஞ்சு வாங்க வேண்டும்.

அதனால் ஆறு கிராமப்பிரியா, நாலு சிறுவிடைப் பெட்டை, ஒரு சிறுவிடைச் சேவல் என்று வாங்கினோம். முன்னது முட்டைக்கு, பின்னது விதைக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "நாட்டுக்கோழிக்குச் சீக்கே வராது" என்று பலர் நினைக்கிறார்கள். எங்களிடம் செத்த 23-ம் நாட்டுக்கோழிகள்தான்! எந்த ரகமானாலும் வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து அவசியம். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு, எட்டாவது வாரத்தில் ஊசி. இடையில் போட வேண்டியதையும், அம்மைக்கான தடுப்பூசியையும் உங்கள் ஊர் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருநாள் வயதுக் குஞ்சு வாங்கினால் ஆறு வாரம் வரை பல்பு வெளிச்சத்தில் கதகதப்பாக வைத்துத்தான் வளர்க்க வேண்டும். வெளியில் வாங்கிய கோழியை இரண்டு வாரமாவது தனியாக வைத்துப் பார்த்த பிறகே பழைய கோழிகளோடு சேர்க்க வேண்டும்.

தீவனச் செலவைக் குறைக்க அத்தை ஒரு வழி வைத்திருக்கிறார். பழைய பானைக்குள் காய்ந்த சாணமும் கிழிந்த சாக்கும் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் மண்ணில் கவிழ்த்து வைப்பார். காலையில் எடுத்தால் உள்ளே கரையான் அப்பியிருக்கும். குஞ்சுகளுக்கு அது விருந்து. ஓடு கெட்டியாக இருக்க, கிளிஞ்சல் தூள் ஒரு கிண்ணத்தில் எப்போதும் இருக்கும். கோடையில் வேப்ப மர நிழலில் மண்சட்டியில் தண்ணீர்.

இப்போது ஒன்றேகால் வருஷம் ஆகிறது. கிராமப்பிரியாவில் ஒன்றைக் கீரி பிடித்துவிட்டது. மற்ற ஐந்தும் முட்டையிடத் தொடங்கியதிலிருந்து சிறுவிடை முட்டை போக தினம் இரண்டு, மூன்று கிடைக்கிறது. வீட்டுக்குப் போக மிச்சத்தை முட்டை 15 ரூபாய் என்று அக்கம்பக்கத்தில் வாங்கிக்கொள்கிறார்கள். அத்தை தினமும் நாள்காட்டியில் பென்சிலால் எண்ணிக்கை குறிக்கிறார். அந்தப் பணம் அவருடையது. யாரும் கணக்குக் கேட்பதில்லை.

சிறுவிடை ஒன்று 12 முட்டைக்கு அடை உட்கார்ந்து, 21-வது நாளில் பத்து குஞ்சு பொரித்தது. பருந்துக்கு இரண்டு போக எட்டு வளர்ந்துவிட்டன. கீரி கொண்டுபோன இடத்தை நிரப்ப நாங்கள் யாரிடமும் போகவில்லை.

நீங்களும் கோழி வாங்கப் போகிறீர்களா? முட்டை எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் ஊர் வெயிலைத் தாங்குமா, பருந்தைக் கண்டால் ஓடி ஒளியுமா, அடைக்கு உட்காருமா என்றும் கேளுங்கள். முக்கியமாக, விடியற்காலையில் கூண்டைத் திறக்கப்போவது யாரோ, அவருக்கு எந்தக் கோழி பிடிக்கும் என்று கேளுங்கள். கடைசிவரை பார்த்துக்கொள்ளப்போவது அவர்தானே!